முதல் கம்ப்யூட்டர் எது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு வருஷமாகக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை, கேட்கிற முகங்கள்தான் மாறுகின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்களும் வாசலில் நின்று இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். 1950-களோடு நிறுத்திக்கொள்கிறேன், சிப், பி.சி., இன்டர்நெட் எல்லாம் வேறு கதை.

1. சார், உலகத்தோட முதல் கம்ப்யூட்டர் எது? ஒரே வரியில சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

ஒரே வரியில் சொல்ல முடிந்தால் இந்தப் பக்கமே வேண்டாம். 'முதல்' என்ற சொல்லுக்கும் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கும் நடுவில் எந்த அடைமொழியைச் செருகுகிறீர்களோ அதற்கேற்பப் பதில் மாறும். புரோகிராமின்படி தானாக ஓடியது என்றால் ஜெர்மனியின் இசட்-3 (1941). வால்வுகளை (அவை என்ன என்று கேள்வி 7-இல் சொல்கிறேன்) வைத்துக் கணக்குப் போட்டது என்றால் அமெரிக்காவின் அட்டனாசாஃப்-பெர்ரி இயந்திரம் (1942). வால்வுகளை ஆயிரக்கணக்கில் வைத்து அன்றாட வேலை பார்த்தது என்றால் பிரிட்டனின் கொலோசஸ் (1944). எந்தக் கணக்குக்கும் மாற்றி அமைக்கக்கூடிய மின்னணு இயந்திரம் என்றால் எனியாக் (1945). புரோகிராமையும் தன் நினைவகத்திலேயே வைத்து ஓடியது என்றால் மான்செஸ்டரின் பேபி (1948).

தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் 'எனியாக்' என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்துகிறவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

2. டிஜிட்டல்னா 0, 1 தானே?

இல்லை. டிஜிட் என்றால் இலக்கம், அவ்வளவுதான். தராசில் நிறுப்பது ஒரு வேலை, காசை எண்ணுவது வேறு வேலை. நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறோம். கொஞ்சம் முன்பின் இருக்கும். எண்ணும்போது பதினேழு என்றால் பதினேழுதான். அளந்து கணக்குப் போடுவது அனலாக், எண்ணிக் கணக்குப் போடுவது டிஜிட்டல். வன்னெவர் புஷ் எம்.ஐ.டி.யில் 1931-இல் கட்டி முடித்த டிஃபரன்ஷியல் அனலைசர் முதல் வகை. அதில் தண்டுகளும் சக்கரங்களும் எவ்வளவு சுழன்றன என்பதுதான் விடை.

எனியாக் சுத்தமான டிஜிட்டல். ஆனால் அது நம்மைப்போலவே 0 முதல் 9 வரை பத்து இலக்கத்தில்தான் கணக்குப் போட்டது. 0, 1 முறையை அதற்கு முன்பே ஜெர்மனியில் சூசேவும் அமெரிக்காவில் அட்டனாசாஃபும் கையாண்டுவிட்டார்கள். சுவிட்சு என்பது போட்டிருக்கும் அல்லது அணைந்திருக்கும். இரண்டே நிலை போதும் என்றால் பாகங்கள் குறையும் என்பதுதான் அதிலுள்ள லாபம்.

3. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ங்கிறது ஆளோட வேலைப் பேராமே?

ஆமாம். நம் ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு வேலைப் பெயர். வானியல் ஆய்வகங்களிலும் ராணுவத்திலும் காகிதமும் கைக்கணக்கு இயந்திரமுமாக நாள் முழுக்கக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர். அவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

இரண்டாம் உலகப் போரில் பீரங்கி சுடுகிறவனுக்கு ஓர் அட்டவணை வேண்டும்: எந்தக் கோணத்தில், எந்தக் காற்றில் சுட்டால் குண்டு எங்கே விழும் என்று. 60 வினாடி பறக்கும் ஒரு குண்டின் பாதையைக் கைக்கணக்கு இயந்திரத்தோடு ஒருவர் போட ஏறத்தாழ 20 மணி நேரம். மேலே சொன்ன புஷ்ஷின் வகை இயந்திரத்துக்கு 15 நிமிஷம். எனியாக்குக்கு 30 வினாடி. குண்டு தரையைத் தொடுவதற்குள் அது எங்கே தொடும் என்று சொல்லிவிடும். அமெரிக்க ராணுவம் பணத்தைக் கொட்டியது இதற்காகத்தான், அறிவியலை வளர்க்க அல்ல.

4. பாபேஜ்தானே கம்ப்யூட்டரின் தந்தை? அவர் கட்டினது வேலை செஞ்சுதா?

அவர் காலத்தில் முழுதாக எதுவும் கட்டி முடிக்கப்படவில்லை. சார்லஸ் பாபேஜ் (1791–1871) முதலில் திட்டமிட்டது கணித அட்டவணைகளைப் பிழையில்லாமல் அச்சிடும் டிஃபரன்ஸ் எஞ்சின். பிரிட்டிஷ் அரசு சுமார் 17,000 பவுண்டு செலவழித்துவிட்டு 1842-இல் கையை விரித்தது. அதற்குள் அவர் மனசு இன்னொரு திட்டத்துக்குத் தாவிவிட்டது: அனலிட்டிகல் எஞ்சின். கணக்குப் போட ஒரு பகுதி, எண்களைச் சேமிக்க ஒரு பகுதி, கட்டளை கொடுக்க நெசவுத் தறியிலிருந்து கடன்வாங்கிய துளை அட்டை. முதலாவதற்கு 'மில்' என்றும் இரண்டாவதற்கு 'ஸ்டோர்' என்றும் பெயர் வைத்தார். ஆலை, கிடங்கு! தறி, ஆலை, கிடங்கு என்று பார்த்தால் ஒரு பஞ்சாலை முதலாளியின் பேச்சு போலவே இருக்கும்.

'அந்தக் காலத் தொழில்நுட்பத்தால் அதைக் கட்டவே முடியாது' என்று சொல்வார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய டிஃபரன்ஸ் எஞ்சின் 2-ஐ அவர் காலத்துத் துல்லிய அளவிலேயே பாகம் வெட்டி 1991-இல் ஓட்டிக் காட்டியது. ஆகவே தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல வழியில்லை. பணம், கொல்லரோடு சண்டை, ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்கும் சுபாவம் ஆகியவைதான் காரணம் என்பது என் எண்ணம். 'தந்தை' பட்டம் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1940-களில் கட்டியவர்களில் பலர் அவருடைய வரைபடங்களைப் பார்த்து வேலை செய்யவில்லை.

5. முதல் புரோகிராமர் ஏடா லவ்லேஸ்னு பாடப்புத்தகத்துல இருக்கு. சிலர் இல்லைங்கிறாங்க.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கவிஞர் பைரனின் மகள் ஏடா, அனலிட்டிகல் எஞ்சின் பற்றி மெனப்ரியா எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமான குறிப்புகளைச் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகள் அட்டவணையாக இருக்கின்றன. அச்சில் வந்த முதல் புரோகிராம் அது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் பாபேஜ் அதற்குச் சில வருஷம் முன்பே தன் குறிப்பேடுகளில் அதுபோன்ற படிகளை எழுதி வைத்திருந்தார்.

எனக்கு அந்த அட்டவணையைவிட இன்னொன்று பெரிதாகத் தெரிகிறது. எண் என்பது எண்ணிக்கையை மட்டுமல்ல, இசைச் சுரம் போன்ற வேறு எதையும் குறிக்கலாம், அப்படியானால் இந்த இயந்திரம் இசையும் அமைக்கும் என்று அவர் எழுதினார். பாபேஜுக்கு அது கணக்கு இயந்திரம்தான். அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஏடா.

6. ஜெர்மன்காரர் ஒருத்தர் வீட்டுக் கூடத்துலயே கம்ப்யூட்டர் கட்டினாராமே, கதையா நிஜமா?

நிஜம். கான்ராட் சூசே, கட்டுமானப் பொறியாளர். வேலையில் ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சலித்துப்போய், பெர்லினில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் நண்பர்களோடு தகடு வெட்டி 1938-இல் இசட்-1 என்ற இயந்திரத்தைச் செய்தார். தகடுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. அடுத்து டெலிபோன் ரிலேக்களுக்கு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு, மாறினார். 2,000-க்கும் மேற்பட்ட ரிலேக்களோடு இசட்-3 ஓடியதை 1941 மே 12 அன்று காட்டினார். புரோகிராமைத் துளையிட அவர் பயன்படுத்தியது கழித்துப்போட்ட 35 எம்.எம். சினிமா பிலிம்.

நண்பர் ஷ்ரேயர் 'ரிலேக்குப் பதில் வால்வு போடுவோம்' என்று யோசனை சொன்னார், போர்க்கால அரசு அதற்குப் பணம் தரவில்லை. இசட்-3 1943-இல் குண்டுவீச்சில் அழிந்தது. அடுத்து வந்த இசட்-4 பிழைத்து, 1950-இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வாடகைக்குப் போனது. போரின் அந்தப் பக்கம் இருந்ததால் அவர் செய்தது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியவே இல்லை.

7. வால்வுன்னா என்ன சார்? டிரான்சிஸ்டர் தெரியும், இது தெரியாது.

என் அப்பா ரேடியோ மெக்கானிக். வீட்டில் வால்வு ரேடியோ இருந்தது. சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷம் சத்தமே வராது. உள்ளே இழை சூடாகி ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும், அப்புறம்தான் செய்தி வாசிக்கிறவர் வருவார். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் சூடான பகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். நடுவில் உள்ள கம்பிவலைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் அந்த ஓட்டத்தை விடலாம், தடுக்கலாம். ரேடியோவில் அது ஒலியைப் பெருக்கும். கம்ப்யூட்டரில் சுவிட்சாக வேலை செய்யும். ரிலேயில் ஒரு தகடு அசைந்து தொட வேண்டும், இங்கே அசைவது எலக்ட்ரான் மட்டும். வேகம் ஆயிரம் மடங்கு.

கெட்ட பெயர் என்னவென்றால் அடிக்கடி போய்விடும். அப்பா சொல்வார்: 'ஓடிக்கிட்டிருக்கிற வால்வு சாகாதுடா, போட்டு அணைக்கிறப்பதான் சாகும்.' இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு பதிலையும் படியுங்கள்.

8. எனியாக்கைப் போட்டா ஃபிலடெல்ஃபியா ஊரே மங்கிடுமாமே?

கட்டுக்கதை. ஆனால் 150 கிலோவாட் தின்றது உண்மை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மோர் ஸ்கூலில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் 1943-இல் தொடங்கி 1945 கடைசியில் முடித்தார்கள். 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வால்வு, 30 டன், வினாடிக்கு 5,000 கூட்டல்.

'18,000 வால்வில் எந்நேரமும் ஒன்று போயிருக்கும், இது ஓடவே ஓடாது' என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். எக்கர்ட்டுக்கு அப்போது வயது 24. வால்வுகளை அவற்றின் சக்திக்குக் கீழேயே ஓட்டவேண்டும் என்று கறாராக விதி வகுத்தார். இயந்திரத்தை முடிந்தவரை அணைக்காமல் வைத்தார்கள். கடைசியில் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற அளவுக்கு வந்தது. 1955 அக்டோபர் 2 அன்று நிரந்தரமாக அணைக்கும்வரை அது ராணுவத்துக்கு உழைத்தது.

9. ஹிட்லரோட எனிக்மாவை உடைச்சது கொலோசஸ்தானே?

இல்லை, இது மிகப் பரவலான குழப்பம். எனிக்மா ஜெர்மன் ராணுவத்தின் சங்கேத இயந்திரம். அதற்கு எதிராக ஓடியது 'பாம்' என்ற மின்-இயந்திரக் கருவி. பாமுக்கு முன்னோடி போலந்துக் கணித அறிஞர்களின் வேலை. கொலோசஸ் உடைத்தது லோரன்ஸ் என்ற வேறு சங்கேத இயந்திரத்தின் செய்திகளை. ஜெர்மன் தலைமையகம் தன் தளபதிகளோடு பேசிய தந்தி வழி அது. லோரன்ஸை யாரும் கண்ணால் பார்க்காமலேயே, அதன் உள்ளமைப்பை பில் டட் என்ற பிரிட்டிஷ்காரர் வெறும் செய்திகளை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

கொலோசஸைக் கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ், பிரிட்டிஷ் தபால் துறையின் டெலிபோன் பொறியாளர். 1,500-க்கும் மேல் வால்வு என்றதும் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் பலர் நம்பவில்லை. அவர் போருக்கு முன்பே எக்ஸ்சேஞ்சுகளில் வால்வு வைத்துப் பார்த்தவர், அணைக்காமல் விட்டால் அவை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். என் அப்பா சொன்னதேதான். 1944 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. காகித நாடாவை வினாடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. மேம்பட்ட இரண்டாம் வகை ஜூன் 1 அன்று தயார், நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு. போர் முடியும்போது பத்து ஓடிக்கொண்டிருந்தன.

போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். ஆவணங்களை அழிக்க உத்தரவு வந்தது. ஃபிளவர்ஸ் தன் வரைபடங்களைத் தானே நெருப்பில் போட்டார். 1970-கள் வரை வாய் திறக்க முடியவில்லை. அதற்குள் எனியாக் முப்பது வருஷம் பாடப்புத்தகத்தில் குடியேறிவிட்டது. கேள்வி 1-இல் 'எனியாக் என்று எழுதுங்கள்' என்று நான் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு இதுதான்.

10. அப்போ ஆலன் டூரிங் என்னதான் செஞ்சார்? படத்துல எல்லாத்தையும் அவரே கட்டுறார்.

படம் படம்தான். 1936-இல், 24 வயதில், எந்தக் கணக்கை இயந்திரத்தால் போட முடியும், எதை முடியாது என்று ஆராயக் கற்பனையாக ஓர் இயந்திரத்தைக் காகிதத்தில் வரைந்தார். கட்டளையையும் தரவையும் ஒரே நாடாவில் எழுதலாம் என்பது அதிலேயே இருக்கிறது. போரில் எனிக்மாவுக்கான பாம் கருவியை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். போருக்குப் பின் 'ஏஸ்' என்ற கம்ப்யூட்டரைத் திட்டமிட்டார். அதன் சிறிய மாதிரி 1950 மே மாதம் ஓடியபோது அவர் அங்கே இல்லை, மான்செஸ்டருக்குப் போய்விட்டார். கொலோசஸை அவர் கட்டவில்லை.

எங்கள் கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு செய்தி: டூரிங்கின் அம்மா எதெல் சாரா ஸ்டோனி பிறந்தது போத்தனூரில். அவருடைய அப்பா மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

11. எனியாக் போட்டோல நிக்கிற பொண்ணுங்க சும்மா அழகுக்கு நிறுத்தினவங்களா?

பின்னாளில் அப்படித்தான் பலர் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் அதை ஓட்டியவர்கள். கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ஆறு பேரும் கேள்வி 3-இல் சொன்ன 'மனிதக் கம்ப்யூட்டர்' வேலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கையேடு கிடையாது, புரோகிராம் மொழி கிடையாது. இயந்திரத்தின் மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து 'புரிந்துகொள்ளுங்கள்' என்று விட்டார்கள்.

ஒரு கணக்கைப் பூட்டுவது என்றால் கனமான கேபிள்களை ஓர் அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துச் செருகி, ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்பி வைப்பது. நாள்கணக்கில் ஆகும். 1946 அறிமுக நிகழ்ச்சிக்குக் குண்டுப்பாதைக் கணக்கைப் பூட்டியவர்கள் பெட்டி ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். குண்டு தரையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது; பெட்டி ஸ்னைடருக்கு ராத்திரியில்தான் எந்தச் சுவிட்சு தப்பு என்று பொறி தட்டியது. மறுநாள் திருப்பி வைத்தார், சரியானது. நிகழ்ச்சி முடிந்த இரவு விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை.

12. எனியாக் காரங்க காப்பியடிச்சாங்கன்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே?

ஏறக்குறைய அப்படித்தான். அயோவாவில் இயற்பியல் பேராசிரியர் ஜான் அட்டனாசாஃப், மாணவர் கிளிஃபர்ட் பெர்ரியோடு சேர்ந்து, சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க மட்டும் ஒரு வால்வு இயந்திரம் கட்டினார். 300 வால்வு அளவு. சுழலும் உருளையில் மின்தேக்கிகள், அவைதான் நினைவகம். மின்னூட்டம் கசிந்துபோகும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்று உங்கள் போனில் உள்ள ரேம் செய்வதும் இதையேதான். 1941 ஜூனில் மாக்லி அவர் வீட்டில் சில நாள் தங்கி இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அட்டனாசாஃப் போர்ப்பணிக்குப் போக, காப்புரிமை விண்ணப்பம் நிறைவேறாமலே போனது, இயந்திரமும் பிரிக்கப்பட்டது.

எனியாக் காப்புரிமை ஸ்பெர்ரி ராண்ட் நிறுவனத்திடம் இருந்தது. ஹனிவெல் வழக்குப் போட்டது. நீதிபதி எர்ல் லார்சன் 1973 அக்டோபர் 19 அன்று காப்புரிமை செல்லாது என்றார். அடிப்படைக் கருத்து அட்டனாசாஃபிடமிருந்து வந்தது என்றும் எழுதினார். மறுநாள் அமெரிக்க அதிபர் நிக்சன் தன்மீதான வாட்டர்கேட் ஊழலின் விசாரணை அதிகாரியை வெளியேற்றினார், செய்தித்தாள் எல்லாம் அதிலேயே மூழ்கிவிட்டது.

எக்கர்ட், மாக்லியைத் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன: எனியாக்கைப் பயன்படுத்தத் தொடங்கி ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகுதான் விண்ணப்பம் போட்டார்கள். 300 வால்வில் ஒரே வேலை செய்யும் கருவிக்கும் 18,000 வால்வில் எதற்கும் வளையும் இயந்திரத்துக்கும் நடுவில் இரண்டு வருஷ உழைப்பு இருக்கிறது.

13. வான் நியூமன் கட்டமைப்புன்னு படிக்கிறோம். அது அவர் கண்டுபிடிச்சதா?

அவர் எழுதியது. கண்டுபிடித்தது அவர் மட்டுமல்ல. எனியாக் முடிவதற்குள்ளேயே அடுத்த இயந்திரமான எட்வாக் பற்றிய பேச்சு மோர் ஸ்கூலில் தொடங்கிவிட்டது. கேபிள் செருகும் தொல்லை ஒழிய வேண்டுமானால் புரோகிராமையும் எண்களாக்கி நினைவகத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தக் கூட்டங்களில் எக்கர்ட், மாக்லி, ராணுவத்தின் சார்பில் இருந்த கோல்ட்ஸ்டைன், கணித அறிஞர் வான் நியூமன் எல்லாரும் இருந்தார்கள். 1945 ஜூன் 30 தேதியிட்ட 101 பக்க வரைவு அறிக்கை வெளியே போனபோது அட்டையில் இருந்தது ஒரே பெயர்: ஜான் வான் நியூமன். கோல்ட்ஸ்டைன் அதைப் பலருக்கும் அனுப்பி வைத்தார்.

எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் அது ஆறாத காயம். எனக்கு இதில் இரண்டு மனசு. பெயர் விட்டுப்போனது அநியாயம்தான். ஆனால் அந்த அறிக்கை ரகசிய முத்திரையோடு அலமாரிக்குள் போயிருந்தால் கொலோசஸின் கதிதான். சுற்றுக்கு வந்ததால்தான் கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் ஒரே ராத்திரியில் அதைப் படித்துவிட்டு எட்சாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டக் கிளம்பினார்.

14. எல்லாம் சரி, புரோகிராமை உள்ளே வைக்க ஏன் மூணு வருஷம் ஆச்சு? யோசனைதான் இருந்துச்சே.

எட்டு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்குப் போடுவது எளிது. நினைவில் வைப்பதுதான் கஷ்டம். எனியாக்கின் 18,000 வால்வுக்கு நினைவகம் வெறும் 20 எண். ஒவ்வொரு இலக்கத்தையும் வால்வில் வைத்தால் கட்டுப்படியாகாது.

முதல் வழி ரேடாரிலிருந்து வந்தது. கிணற்றில் எட்டிக் கத்தினால் எதிரொலி வரும். வந்ததும் அதையே மறுபடி கத்துங்கள், திரும்ப வரும், மறுபடி கத்துங்கள். சொல் எங்கேயும் எழுதப்படவில்லை, ஆனால் தொலையவும் இல்லை. எட்சாக்கில் கிணற்றுக்குப் பதில் ஒன்றரை மீட்டர் நீளப் பாதரசக் குழாய். ஒரு முனையில் படிகம் துடித்து ஒலி அலையைக் கிளப்பும், அது மறுமுனைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. அங்கே பிடித்துப் பெருக்கி மறுபடி இந்த முனைக்கு. எண்கள் பாதரசத்துக்குள் பயணத்திலேயே வாழ்ந்தன. பாதரசத்துக்குப் பதில் ஜின் ஊற்றலாம் என்று டூரிங் சொன்னது வேடிக்கை போலிருக்கும், ஆனால் ஒலி வேகம் வெப்பத்துக்கு மாறாத கலவை என்று கணக்கோடுதான் சொன்னார்.

இரண்டாவது வழி மான்செஸ்டரில். ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் டி.வி. படக்குழாய் போன்ற ஒன்றின் முகத்தில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களை எழுதினார்கள். நொடிப்பொழுதில் அழிந்துவிடும், அதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இதைச் சோதிக்கக் கட்டியதுதான் பேபி. 32 வரி, வரிக்கு 32 புள்ளி, மொத்தம் 1,024 பிட், அதாவது 128 பைட். முதல் குறளை இன்றைய யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் தட்டினால் இடைவெளிகளோடு 123 பைட் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ஒரு குறள் அடங்கும், இரண்டாவதற்கு இடமில்லை.

15. ஒரு விட்டில்பூச்சி மாட்டினதாலதான் 'பக்'னு பேர் வந்துச்சாமே?

பூச்சி மாட்டியது நிஜம். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டில் மார்க்-2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் விட்டில் சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, 'பக் நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம்' என்று எழுதி வைத்தார்கள். 'நிஜமாகவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால்தானே அந்தக் கேலி எடுபடும்? எடிசனே 1878-இல் ஒரு கடிதத்தில் கோளாறுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அங்கே வேலை பார்த்த புரோகிராமர் கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர். பூச்சியைப் பிடித்தவர் அவரல்ல.

16. உலகத்துக்கு அஞ்சு கம்ப்யூட்டர் போதும்னு ஐ.பி.எம். தலைவர் சொன்னாராமே?

தாமஸ் வாட்சன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவருடைய மகன் 1953-இல் பங்குதாரர் கூட்டத்தில் சொன்னது வேறு: ஐ.பி.எம். 701 என்ற கம்ப்யூட்டருக்கு ஐந்து ஆர்டர் கிடைக்கும் என்று கிளம்பினோம், பதினெட்டோடு திரும்பினோம் என்று. பெருமையாகச் சொன்னது கேலியாகத் திரிந்துவிட்டது.

17. கம்பெனி வேலைக்கு முதல்ல கம்ப்யூட்டர் வாங்கினது பேங்கா?

டீக்கடைக்காரர்கள்! பிரிட்டனில் ஊரெங்கும் டீக்கடை நடத்திய லயன்ஸ் நிறுவனம். வில்க்ஸின் எட்சாக்குக்கு 3,000 பவுண்டு கொடுத்து, அது 1949 மே 6 அன்று ஓடியதும் அதே மாதிரியில் தங்களுக்கென்று 'லியோ' என்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1951-இல் அதன் முதல் வேலை பேக்கரிக் கணக்கு. அதே வருஷம் அமெரிக்காவில் எக்கர்ட், மாக்லியின் யூனிவாக் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குப் போனது. 1952 அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் ஐசனோவருக்கு 438 தேர்வாளர் குழு வாக்கு (அதிபரைத் தீர்மானிக்கும் எலெக்டோரல் வாக்கு) என்று யூனிவாக் சொல்ல, டி.வி.காரர்கள் நம்பாமல் வெளியிடத் தயங்கினார்கள். கடைசியில் அவர் பெற்றது 442.

18. இந்தியாவுல முதல்ல எங்க வந்துச்சு?

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, 1955-56 வாக்கில், பிரிட்டனிலிருந்து. இங்கேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கம்ப்யூட்டர் மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தின் டிஃப்ராக், 1960-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

19. சார், 1948 ஏப்ரல்லயே எனியாக் புரோகிராமை உள்ளே வச்சு ஓடுச்சுன்னு படிச்சேன். அப்போ ஜூன்ல ஓடின பேபி எப்படி முதல்?

நன்றாகப் பிடித்தீர்கள். எனியாக்கை அந்த வருஷம் மாற்றி அமைத்தார்கள். முன்பு மாறா எண்களை வைக்கப் பயன்பட்ட சுவிட்சுப் பலகைகளில் புரோகிராமை எண்களாகத் திருப்பி வைத்தார்கள். கேபிள் இழுப்பது நின்றது. பேபிக்கு முன்பே அது பெரிய கணக்குகளை ஓட்டியது. ஆனால் சுவிட்சைக் கையால்தான் திருப்ப வேண்டும், இயந்திரம் தன் கட்டளையைத் தானே மாற்றி எழுத முடியாது. பேபியில் கட்டளையும் எண்ணும் ஒரே திரையில் ஒரே மாதிரிப் புள்ளிகள். எதையும் அழித்து எழுதலாம். நான் பேபி பக்கம். நீங்கள் எனியாக் பக்கம் நின்றாலும் குற்றம் சொல்ல மாட்டேன், கேள்வி 1-இல் அடைமொழி ஒன்று கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான்.

20. பேபி 52 நிமிஷம் ஓடிக் கண்டுபிடிச்சது 2-இன் 18-ஆம் அடுக்கோட பெரிய வகுஎண். அது பாதிதான்னு எனக்கே தெரியுமே! இதுக்கு எதுக்கு மெஷின்?

எட்டாம் வகுப்புப் பெண் கேட்டது. விடை தெரிந்த கணக்கு என்பதால்தான் அதைக் கொடுத்தார்கள். 2,62,144-இன் வகுஎண்களில், அந்த எண்ணைத் தவிர்த்து, பெரியது 1,31,072. ஆனால் பேபி நம்மைப்போல யோசிக்கவில்லை. 2,62,143-இலிருந்து ஒவ்வொரு எண்ணாக இறங்கி, வகுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தது. வகுக்கவும் தெரியாது, கழிக்க மட்டும்தான் தெரியும். கழித்துக் கழித்துத்தான் வகுத்தது. 17 வரிப் புரோகிராம், ஏறத்தாழ 35 லட்சம் படிகள். அத்தனை படியிலும் திரையில் ஒரு புள்ளி தவறி அழிந்தாலும் விடை கெட்டுவிடும். சோதித்தது கணக்கை அல்ல, நினைவகத்தை.

முந்தைய நாள்களில் ஓட்டியபோதெல்லாம் புள்ளிகள் தாறுமாறாக ஆடி, ஒன்றுக்கும் உதவாத இடத்தில் போய் நின்றன. 1948 ஜூன் 21 அன்றும் ஆடின. 52 நிமிஷம் கழித்து நின்றபோது, எந்த வரியில் எந்தப் புள்ளிகள் மின்னவேண்டுமோ அந்த வரியில் அவை மின்னிக்கொண்டிருந்தன.